எந்த ஸ்ட்ரோக்?

அலை முகத்தில் அறைந்தது. துப்பிவிட்டு மறுபடி கையை வீசினான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும்.

பின்னால், எஞ்சின் நின்றுபோன ஃபைபர் படகில், வலைக்குவியல்மேல் ஒருக்களித்துக் கிடக்கிறார் பெரியவர். எஞ்சினைக் கிளப்பத்தான் கயிற்றை இழுத்தார். பாதி இழுப்பில் கை நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை.

அதன்பிறகு அவன் இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். பெட்ரோல் வாசம்தான் வந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை.

செல்போனில் சிக்னல் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு படகு. சட்டையைக் கழற்றி ஆட்டினான். அதிலிருந்த ஒருவன் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த ஆள் என்றால் திருப்பிக்கொள்ளத்தான் செய்வான்.

குதித்துவிட்டான்.

சென்னையில் ஓர் ஓட்டலின் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் அவன். ‘ஸ்ட்ரோக்கை நீட்டு, அவசரப்படாதே’ என்று தினமும் கத்துகிறவன்.

அங்கே நடந்த முதலுதவி வகுப்பில் டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடியது. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால், நேராக ஆஸ்பத்திரி. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆளைத் தின்னும்.

நீட்டினான். அவசரப்பட்டான்.

குளத்தில் நீரோட்டம் கிடையாது. இங்கே இரண்டு வீச்சு முன்னால் போனால் ஒரு வீச்சு பக்கவாட்டில் இழுத்தது.

விரல்கள் அந்தப் படகின் விளிம்பைப் பிடித்தபோது மூச்சு மிச்சமில்லை.

வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த சவரி எட்டிப் பார்த்தான். எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த இன்னாசி பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவன் அவன்தான்.

“ஸ்ட்ரோக்...”

அதற்குமேல் வாயிலிருந்து உப்புத்தண்ணீர்தான் வந்தது.

இன்னாசி அவனோடு நேராகப் பேசுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கேட்க வேண்டியதை இன்னொருத்தர் வழியாகத்தான் கேட்பான். இப்போதும் சவரியிடம்தான் கேட்டான்.

“ஏல சவரி, வாத்தியாரு புது ஸ்ட்ரோக்கு எதுவும் காட்ட வந்திருக்காரான்னு கேளு. நமக்குத்தான் நீந்தத் தெரியாதுல்லா.”

சவரி சிரித்தான். “சும்மா இரும் அண்ணாச்சி. அவரு எஞ்சினச் சொல்லுதாரு. பெரியவரக் கூட்டாம தனியா எடுத்துட்டு வந்து மாட்டிக்கிட்டாரு போல.” இந்தப் பக்கம் குனிந்தான். “அது பழைய டூ ஸ்ட்ரோக்குல்லா தம்பி. சும்மா இழுத்துக்கிட்டே இருந்தா அடைச்சிக்கிடும். பிளக்கக் கழத்தித் தொடச்சுப் போடுங்க, பிடிச்சிரும்.”

“போயித் தொடைக்கச் சொல்லு. நல்லாத்தான நீந்துதாரு,” என்றான் இன்னாசி, கடலைப் பார்த்து.

தூரத்தில் அவன் விட்டுவந்த படகு ஆடிக்கொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் அது ஆளில்லாத படகு.

இருமி முடித்தான். விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். சவரியைப் பார்க்கவில்லை.

“எஞ்சினுக்கு இல்லண்ணே.”

இன்னாசி திரும்பினான்.

“நம்ம அப்பாவுக்கு.”