த்ரில் என்றால் துளை

ஆசாரி பேனா முனையால் அவள் மூக்கில் ஒரு புள்ளி வைத்தார்.

வலது பக்கம்.

கண்ணாடியை நீட்டி, இடம் சரியா என்று பார்க்கச் சொன்னார். நாற்பத்தேழு வயதில் மூக்கில் மசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி ஆசிரியை கண்ணாடியில் தெரிந்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்தில் காது குத்தக் காத்திருந்த கைக்குழந்தை அவளைவிடத் தைரியமாக இருந்தது.

எல்லாம் காலையில் வகுப்பில் ஆரம்பித்தது.

பாடத்தில் த்ரில் என்ற சொல் வந்தது. ஒரு சொல் கையில் கிடைத்துவிட்டால் அவளுக்குப் பாடம் மறந்துவிடும். இன்றைய ஆங்கிலத்தில் அதற்குக் குதூகலம் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் துளைத்தல், ஓட்டை போடுதல். ஈட்டி செய்துகொண்டிருந்த வேலையைப் பிற்பாடு சந்தோஷம் எடுத்துக்கொண்டது. நாஸ்ட்ரில் என்ற சொல்லின் பின்பாதியும் அதே துளைதான், மூக்கின் துளை.

"நம்ம சிலிர்ப்பு தோலோட நின்னுரும். அவங்களுக்கு உள்ள போய்த்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அதைத் தானே கொஞ்சம் ரசித்துக்கொண்டாள்.

கடைசி வரிசையிலிருந்து பெனிலா கேட்டாள்.

"மேம், நீங்க மூக்கே குத்தலியே. அப்போ உங்களுக்கு த்ரில்லே கெடையாதா?"

வகுப்பு சிரித்தது. அவளும்தான்.

சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியவள் நகைக்கடைத் தெருவுக்குத் திரும்பினாள். ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பாள்.

ஆசாரி ஊசியைத் தீயில் காட்டினார்.

பயம் ஊசியிடம் இல்லை. அப்பாவிடம்.

அப்பா பாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன் அணியாத சபை. அவள் காதிலும் கழுத்திலும் இதுவரை ஒரு பொட்டுத் தங்கம் ஏறியதில்லை. வீட்டில் இப்போது அவரும் அவளும் மட்டும்தான். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வாள். ஒன்றும் சொல்லாமல், சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அம்மா எல்லாவற்றையும் மனமாரத்தான் கழற்றிக் கொடுத்தாளாம். ஞானஸ்நானம் எடுத்த அன்று கம்மல், வளையல், ஒற்றைக்கல் மூக்குத்தி.

துளையை மட்டும் கொடுக்க முடியவில்லை.

அப்பா உறங்கிய பிறகு, துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை நகநீளத்துக்கு ஒடித்து அம்மா மூக்கில் செருகிக்கொள்வாள். விடியற்கால ஜெபத்துக்கு அவர் எழுவதற்குள் எடுத்துவிடுவாள். சிறுமியாக இருந்தபோது அவள் ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டாள். அம்மா உதட்டில் விரல் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்பாட்ட சொல்லாத, என்னா?"

சொல்லவில்லை. அம்மாவைப் பெட்டியில் கிடத்தியபோதும் அந்தத் துளை தூர்ந்திருக்கவில்லை. அதைப் பார்த்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு அன்று நிறைய அழுதாள்.

"டீச்சர், வலது கண்ணுல தண்ணி வரும். அழுகைன்னு நெனச்சிராதீங்க. எந்தப் பக்கம் குத்துனாலும் அந்தப் பக்கத்துக் கண்ணு நனையும், அவ்வளவுதான்" என்றார் ஆசாரி.

அவள் தலையசைப்பதற்குள் ஊசி போய்விட்டது.

வலித்தது. வலிக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. வயிற்றிலிருந்து மேலே ஏறி, நெற்றி வரைக்கும்.

இத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தானா?

சொன்னபடியே வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இடது கண் சும்மா இருந்தது. கைக்குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது.

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. காற்று பட்டபோதெல்லாம் மூக்கு இருப்பது தெரிந்தது. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் மூக்கு, இன்றுதான் ஆஜர் சொல்கிறது. இறங்கும்வரை சந்தோஷமாக இருந்தாள். இறங்கியதும் பயம் திரும்ப வந்து சேர்ந்துகொண்டது.

அப்பா முன்னறையில் பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்திருந்தார்.

அவள் முந்தானையால் மறைக்கவில்லை. தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் நின்றாள்.

அவர் தம்ளரை வாங்கவில்லை. படித்த இடத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

சிறிய வெள்ளைக்கல். சுற்றிலும் சிவந்திருந்தது.

சுவரில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒங்க அம்மைக்கும் வலதுதான்" என்றார்.

"ஆமாப்பா."

தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். சர்க்கரை போதாது என்று வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"மக்களே" என்று மகளைக் கூப்பிட்டார்.

நின்றாள்.

அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எப்பவாவது கழட்ட வேண்டி வந்தா வெறுமன விட்டுராத. ராத்திரி ஒரு ஈர்க்கு செருகி வை. இல்லன்னா தூந்து போவும்."

அவள் திரும்பாமல் நின்றாள். இடது கன்னம் நனைந்தது.

ஆசாரி வலது கண்ணைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்.