சுண்டுற கை

மூட்டுவாதத்துக்கு மருந்து சாப்பிடும் மகள் யசோதராவைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தார் ஜெயவேல். பழைய டாக்டர் மாற்றலாகிப் போய், அன்று புது டாக்டர் வருவதாகச் சொன்னார்கள். ஜெயவேல் டீ குடிக்கப் போனார்.

குழந்தைகளுக்காகப் போட்டிருந்த கேரம் போர்டில் யசோதரா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு பெண்மணி எதிரே வந்து உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் காய் குழியில் விழுந்தது.

"கில்லாடிதான். ஆனா ஏன் அடிக்கடி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிற?"

யசோதரா குரலைத் தாழ்த்தினாள். "சுண்டும்போது டொக்குனு நழுவுது ஆன்ட்டி. வலி ஒண்ணியும் கெடையாது. டாக்டராண்ட சொன்னா போட்டியில ஆட வுடமாட்டாங்கோ. நைனாவுக்கே தெரியாது. யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

ஜெயவேல் திரும்பி வந்ததும் அவர்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் நாற்காலியில் அதே பெண்மணி இருந்தார். யசோதராவின் கையை வாங்கி, மணிக்கட்டை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"மூட்டு இப்பதான் லேசா ஆட்டம் கண்டிருக்கு. சீக்கிரமே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. பட்டை கட்டிக்கிட்டா கேரமும் ஆடலாம்."

"இன்னா ஆட்டம்?" என்று விழித்தார் ஜெயவேல்.

யசோதராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்ல மாட்டேன்னீங்களே ஆன்ட்டி."

"நான் எங்கம்மா சொன்னேன்? நீதானே டாக்டர்கிட்ட சொன்ன."