அடுத்த தெரு சலூன்

“போன வாரம்தானே வெட்டினேன்? இதுல இன்னும் என்னத்தண்ணே வெட்டறது?” கத்தரியும் கையுமாகச் சிரித்தார் சலூன்காரர்.

“சும்மா ஓரத்தைச் சரிபண்ணுங்க,” என்று நாற்காலியில் சாய்ந்தார் வந்தவர்.

சலூன்காரருக்கு வாய் ஓயாது. மச்சான் வாங்கிய பைக், மனைவியின் பல்வலி, மாடிவீட்டுச் சண்டை என்று ஒரு சுற்று வந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த தெருவுல ஒருத்தன், ‘இங்கே யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள்’னு போர்டு மாட்டியிருக்கானாம். தெருவுக்குத் தெரு சலூன். தனியாத் தெரியணுமில்ல? கூட்டம் அள்ளுதாம்! ஆனா நாள் பூரா வாயை மூடிக்கிட்டு எப்படித்தான் இருக்கானோ! வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்ப்பான் போல.”

“வீட்டுல யாராவது இருக்கணுமே.”

“அதுவும் சரிதான். முடிஞ்சுதுண்ணே, எழுந்திருங்க.”

“பின்கழுத்துல இன்னும் கொஞ்சம் பாருங்களேன்.”

“அங்க ஒண்ணுமே இல்லையே!”

“பரவாயில்ல, பாருங்க. அந்தப் பல்வலி அப்புறம் என்னாச்சு?”

பல்வலிக் கதை முடிந்தபிறகுதான் அவர் எழுந்தார். அடுத்த தெருவுக்கு நடந்து, அங்கே பூட்டியிருந்த சலூனின் ஷட்டரைத் தூக்கினார். வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

வாய்வரை வந்த ‘வாங்க’வை விழுங்கிவிட்டு, முதல் ஆளுக்கு நாற்காலியைக் கையால் காட்டினார்.