சாயங்கால ஐஸ்

"அக்கா, ரெண்டு ஐஸ் கட்டி." மாடி வீட்டுக்காரன் கிண்ணத்தை நீட்டினான்.

வேலை விட்டு வந்ததும் தினமும் இதே பாட்டு. வாடையே வராமல் குடிக்கிற கெட்டிக்காரன் என்று நினைத்தாள் கீழ்வீட்டுத் தையல்காரி.

"பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு ஊத்திக்கிறியா? கிடையாது, போ!"

அவன் வாய் திறப்பதற்குள் கதவைச் சாத்தினாள். மனம் ஆறவில்லை. அவன் மனைவியின் காதிலும் போட்டுவிட மாடி ஏறினாள்.

திறந்திருந்த கதவுக்குள் மனைவியின் குரல் கேட்டது. "மரத்துப்போக ஐஸ் இல்லாட்டி என்னங்க? குத்துங்க. வலி பொறுத்துக்கறேன். நஞ்சுக்கொடியில ரத்தம் உறைஞ்சு ரெண்டு பிள்ளைய இழந்தாச்சு. இந்த ஊசியால இதுவாவது தங்கட்டும்."

அவள் வயிறெங்கும் ஊசி போட்டுக் கன்றிய நீலத் தடங்கள். அவன் ஊசியைக் கையில் எடுத்தான்.

"தம்பி, நில்லு!"

தையல்காரி இறங்கி ஓடி, ஐஸ் தட்டோடு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"இனிமே நீ இறங்கி வராதப்பா. நானே ஏறி வரேன்."