சிரித்துக்கொண்டே பாடியவர்

"அந்த மனுஷனுக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோ?"

ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர், வீட்டுக்குப் போகும் வழியில் கணவரிடம் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்த மனுஷன் என்று அவர் சொன்னது வேன்காரரை. வேன் ஓட்டுவதை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விடவில்லை. ஒரு நாள் காலையில், தூக்கக் கலக்கத்தில் அவர் ஓட்டி வந்த வேன் நடைபாதையில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

ஜெயிலுக்குப் போனார். தண்டனை முடிந்து வெளியே வந்தார். ஆலயத்துக்கும் வந்தார்.

அதுவரைக்கும் டீச்சருக்கு ஆட்சேபணை இல்லை. பாவிகள் வராமல் வேறு யார் வருவது என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னதுண்டு.

ஆனால் பாடகர் குழுவில் சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் தொண்டை திறந்து பாடவேண்டுமா? அதுவும் அந்தச் சிறுமியின் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது?

பாஸ்டர் எழுந்திருப்பதைப் பார்ப்பதற்காக ஆர்கனுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதில் அந்த அம்மாவும் தெரிவார். வேன்காரர் குரல் உயரும்போதெல்லாம் அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொள்வார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டீச்சர், ஒரு நாள் வேன்காரர் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கே போய்விட்டார்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார் அவர். மெஷின் இரைச்சலையும் மீறி வாயில் பாட்டு.

"வாங்க டீச்சர். இந்த வாரப் பாட்டை மாத்திட்டீங்களா?"

"பாட்டு விஷயமாத்தான் வந்தேன். நீங்க கொஞ்ச நாளைக்குக் குழுவுல நிக்காம இருந்தா நல்லது."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "சுருதி விலகுதுங்களா?"

"சுருதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க சந்தோஷம்தான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார்.

"உள்ள இருந்தப்ப சோறு இறங்காதுங்க. செத்துடலாம்னுகூட இருந்துச்சு. என் பாவத்தையும் சேர்த்துத்தான் ஆண்டவர் சிலுவையில சுமந்தார்னு ஒரு நாள் மனசுக்குப் பிடிபட்டுச்சு. அன்னைலேர்ந்து இது தானா வருது டீச்சர். அடக்கத் தெரியல."

"ஆண்டவர் மன்னிச்சிருப்பார். பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? நீங்க பாடறப்ப அவங்க கண்ணைத் துடைச்சுக்கறதை நான் வாராவாரம் பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

அவர் முகம் மாறியது. "அழுறாங்களா?"

"நீங்கதான் கண்ணை மூடிக்கறீங்களே, எப்படித் தெரியும்?"

"என்கிட்ட அவங்க அப்படி ஒண்ணும் சொல்லலையேங்க."

"முகத்துக்கு நேரா யார் சொல்வாங்க? அவங்களுக்காகத்தான் நான் வந்திருக்கேன்."

"சரிங்க டீச்சர்" என்றார் அவர். டீச்சர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, மடித்த விரிப்பையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அவர் இல்லை. கடைசி பெஞ்சில் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் டீச்சர் அந்த அம்மாவைப் பார்த்தார். கைக்குட்டை வெளியே வரவே இல்லை. டீச்சர் மனநிறைவோடு வாசித்தார்.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா நேராக ஆர்கனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா டீச்சர்? ஏன் பாடல?"

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. போய்ப் பேசிட்டேன். நீங்க படற வேதனையை எடுத்துச் சொன்னேன். இனிமே உங்க கண் முன்னால வந்து நிக்க மாட்டார்."

அந்த அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவரைக் குழுவுல சேரச் சொன்னதே நான்தான்."

டீச்சர் ஆர்கனை மூடாமலே திரும்பினார்.

"ஜெயிலுக்குப் போய் மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். முதல் தடவை அது என் உதட்டுலேர்ந்துதான் வந்துச்சு. ஜெபம் பண்ணிப் பண்ணித்தான் மனசுலேர்ந்து வந்துச்சு. போறப்பல்லாம் சொன்னேன். அவர் குனிஞ்சு அழுவாரே தவிர நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒரு நாள் நிமிர்ந்தார். சிரிச்சார். அன்னைக்குத்தான் நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கினேன்."

"அப்போ நீங்க அழறது..." என்றார் டீச்சர்.

"பொண்ணு இல்லாதது தினமும்தான் வலிக்குது. ஆனா அவர் பாடறப்ப வர்ற கண்ணீர் வேற. ரெண்டு உயிர் போகவேண்டிய இடத்துல ஒண்ணாவது பிழைச்சுதேன்னு ஆண்டவருக்கு நன்றி சொல்ற கண்ணீர்."

கடைசி பெஞ்சில் வேன்காரர் இன்னும் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தபடியே எழுந்தார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"என் மன்னிப்பை அவர் நம்பறதுக்கு வருஷக்கணக்காச்சு டீச்சர். என் பேரைச் சொல்லியே அதை ஒரே நாள்ல திருப்பி வாங்கிட்டு வந்துட்டீங்க. வழி விடுங்க, நான் போய் மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணும்."