முட்டையைச் சுற்றிய மண்

பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்புழு முட்டையிட்டது. இட்ட பிறகுதான் மண்ணில் ஈயம் ஊறியிருப்பது வாயில் தெரிந்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓட அதற்குக் கையா, காலா? சுற்றியிருந்த மண்ணைத் தின்ன ஆரம்பித்தது. ஈயத்தை உடம்பில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளியது.

"என்னக்கா, விருந்து பலமா?" என்றது பக்கத்து மரவட்டை.

"பிள்ளைங்களுக்கு இடத்தைச் சுத்தம் பண்றேன்டா."

"குப்பையை வயித்துல வச்சுக்கிட்டா? நீ செத்தா எல்லாம் மறுபடி இங்கேதானே கொட்டும்?"

மண்புழு இன்னொரு வாய் மண்ணை விழுங்கியது. பிறகு, "அப்போ தூரமாப் போய்ச் சாகுறேன். இதுங்களைப் பார்த்துக்க" என்றது.

முட்டைகளைச் சுற்றிக் கையகல மண் சுத்தமானதும் கிளம்பியது. உடம்பு கனத்தது. வேலியைத் தாண்டுவதற்குள், மரவட்டையின் கண்ணெதிரே ஒரு கோழி அதைக் கொத்தித் தூக்கியது. 'நான் ஊர்ந்து போவதைவிட இது தூரமாகவே கொண்டுபோகும்' என்று நினைத்தபடி மண்புழு நிம்மதியாகச் செத்தது.

கோழி வழக்கம்போல் கொட்டகைக்குப் பின்னால் நிழலுக்கு வந்தது. முட்டைகள் புதைந்திருந்த இடத்தில் நின்று எச்சமிட்டுவிட்டுப் போனது.

மறுநாள் குஞ்சுப் புழுக்கள் பசியோடு வெளியே வந்தன. தலைக்கு மேலே ஈரமாய், மெத்தென்று எரு கிடந்தது.

"மாமா, இது அம்மா வச்சிட்டுப் போன சோறா?"

மரவட்டை வாயைத் திறந்தது. தின்னாதீர்கள் என்றால், கையகலத்துக்கு வெளியே எல்லாம் ஈய மண்; வேறு எதைத் தின்னச் சொல்வது? அப்படியே சுருண்டுகொண்டது.