வண்டி பார்க்கப் போன கழுதை

காலை எட்டரை மணிக்கு டிக்கெட் கவுன்டர் முன் மூன்று பேர் நின்றார்கள். முதல் ஆள் பொன்னுரங்கம் என்ற கிழக் கழுதை.

"ஜங்ஷனுக்கு ஒண்ணு. முதியோர் சலுகையில கொடும்மா."

கவுன்டரில் இருந்த மைனா நிமிர்ந்தது. "சாவா, கல்யாணமா, கோயிலா?" கிழடுகள் வேறெதற்கும் ரயிலேறி அது பார்த்ததில்லை.

"பார்க்கப் போறேன்."

"பொண்ணா?"

"வண்டி. புதுச் சிவப்பு எஞ்சின் மத்தியானம் அந்த வழியா போகுது. இன்னைக்கு விட்டா இனிமே வராது."

மைனா சிரித்தது. "கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னுதான் கேள்வி, ஜங்ஷன்னு யாரும் சொல்லல. வேடிக்கை பார்க்கச் சலுகை கிடையாது, பெரியவரே."

முழுக் கட்டணத்துக்குக் கழுதையிடம் வழியில்லை. தூரத்தில் ரயில் ஊதியது.

"கோயிலுன்னு சொல்லித் தொலைங்க அண்ணே!" என்றது பின்னால் நின்ற ஆடு.

"ஏன் சொல்லணும்? இத்தனை காலம் மூட்டை போன ஊருக்கெல்லாம் போனேன். இன்னைக்குத்தான் நானா கிளம்பியிருக்கேன். வண்டி பார்க்கன்னுதான் சொல்லுவேன்."

மைனா தலைக்கு மேலிருந்த விதிப் பலகையை முதன்முறையாக முழுவதும் படித்தது. அதில் வயதைக் கேட்டிருந்தார்கள்; காரணத்தைக் கேட்கவில்லை. டிக்கெட்டை நீட்டியது.

மாலையில் கழுதை கவுன்டர் வழியாகத் திரும்பியது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். டிரைவர் என்னைப் பார்த்து ரெண்டு தடவை ஹாரன் அடிச்சான்."

"உங்களுக்கா அடிச்சான்?"

"பிளாட்பாரத்துல வேற யாரும் இல்லம்மா."

அடுத்து வந்த ஆடி ஒன்பதாம் தேதி மைனாவுக்கு விடுமுறை. இறக்கை இருந்தும் முழு டிக்கெட் எடுத்து, வேறொரு வண்டி பார்க்கக் கழுதையோடு ஜங்ஷனுக்குப் போனது.